ஓரத்துப் புல்லும் ஒளிந்திருக்கும் கல்லும்

மாணவர்களே, உங்கள் மாமாவிடம் ஒரு டிராக்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செம்பனைத் தோட்டத்துச் சாலைகளின் இரு ஓரங்களிலும் புல் வெட்டும் குத்தகை அவருக்குக் கிடைத்திருக்கிறது. டிராக்டரின் பின்னால் மாட்டும் புல்வெட்டி வாங்கக் கடைக்குப் போகிறார். துணைக்கு உங்களையும் அழைத்துப் போகிறார். கடைக்காரர் இரண்டைக் காட்டுகிறார். ஒன்று அகலமானது, விலை குறைவு. மற்றது சற்றுக் குறுகலானது, விலை கூடுதல். "நீ அறிவியல் படிக்கிற பிள்ளை. எது நல்லது, சொல்" என்கிறார் மாமா.

நீங்கள் என்ன சொல்வீர்கள்? பெரும்பாலோர் அகலமானதைத்தான் சொல்வார்கள். ஒரே ஓட்டத்தில் அதிகப் புல் வெட்டலாம், டீசல் மிச்சம், நேரம் மிச்சம். கணக்கு சரிதான். ஆனால் அது புல்லை மட்டும் பார்த்துப் போட்ட கணக்கு. சாலையோரத்துக்கு இயந்திரம் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தரையை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

தோட்டச் சாலையில் நீங்கள் நடந்திருப்பீர்கள். பலர் அந்தச் சாலையில்தான் பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடக்கிறீர்கள். அதன் மேல் கொட்டியிருப்பது லாட்ரைட் எனும் செம்மண் கல். இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இறுகி உருவானது. மழைநீர் தேங்காமல் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தியிருப்பார்கள். நம் நாட்டு மழையைச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மழையும் நடுவிலிருந்து கொஞ்சம் கல்லை ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு போகும். செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லாரிகளின் சக்கரங்களும் கல்லை ஓரத்துக்குத் தெறிக்கவிடும். போதாததற்கு, சாலையைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டி ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் ஓரத்தில் ஒரு சிறு மேட்டை விட்டுச் செல்லும். அந்த மேட்டின் மேல்தான் புல் முளைக்கிறது.

ஆக, சாலையிலேயே கல் அதிகம் சேரும் இடம் ஓரம்தான். மேலே பச்சைப் புல், கீழே தளர்வான கல். டிராக்டரில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குப் புல் மட்டுமே தெரியும்.

இப்போது கடைக்காரர் காட்டிய முதல் இயந்திரத்துக்கு வருவோம். இதை ஸ்லேஷர் என்பார்கள். கவிழ்த்து வைத்த பெரிய இரும்புத் தட்டின் அடியில், கூரை விசிறியைப் போலப் படுத்தவாக்கில் சுழலும் கனமான கத்திகள். டிராக்டரின் பின்னால் பி.டி.ஓ. என்ற சுழல்தண்டு ஒன்று உண்டு. அது நிமிடத்துக்கு 540 முறை சுழல்வது வழக்கமான அளவு. ஸ்லேஷரின் பற்சக்கரப் பெட்டி அந்தச் சுழற்சியை இன்னும் கூட்டும். 1.6 மடங்கு கூட்டுகிறது என்று வைத்தால், கத்தி நிமிடத்துக்கு 864 முறை, அதாவது விநாடிக்கு 14.4 முறை சுழலும். கத்தி போடும் வட்டத்தின் விட்டம் 1.5 மீட்டர் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 4.7 மீட்டர். இரண்டையும் பெருக்குங்கள். கத்தியின் நுனி விநாடிக்குச் சுமார் 68 மீட்டர் வேகத்தில் போகிறது. மணிக்கு 240 கிலோமீட்டருக்கும் மேல்! நம் நெடுஞ்சாலைகளில் கார்களுக்கு உள்ள உச்ச வரம்பு 110 தான்.

இத்தனை வேகம் எதற்கு என்று கேட்கலாம். கத்தரிக்கோலுக்கு இந்த வேகம் தேவையில்லை. ஏனென்றால் அதற்கு இரண்டு அலகுகள். ஒன்று வெட்டும்போது மற்றது புல்லைத் தாங்கிப் பிடிக்கும். ஸ்லேஷரில் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. மெதுவாக வந்தால் புல் வளைந்து கொடுத்துவிடும். வளைய நேரம் கொடுக்காமல் அடித்தால்தான் அறுபடும். லாலாங் புல்லை மழுங்கிய கத்தியால் மெல்ல வெட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அந்த வேகம் புல்லோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. 50 கிராம் கல் ஒன்று, ஏறத்தாழ ஒரு கோழி முட்டையின் எடை, கத்தியில் அடிபட்டு அதே வேகத்தைப் பெற்றுவிட்டது என்று வைப்போம். படிவம் 3 அறிவியலில் வரும் இயக்கச் சக்தியின் சூத்திரத்தைப் போடுங்கள். பொருண்மையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 115 ஜூலுக்குச் சற்று மேல் வரும். ஜூல் என்றால் மனத்தில் பதியாது. நான்கு மாடிக் கடைவீட்டின் உச்சியிலிருந்து ஒரு கிலோ சீனிப் பையைப் போட்டால், கீழே வந்து சேரும்போது அதில் இருக்கும் சக்தி இவ்வளவுதான். சீனிப் பை உள்ளங்கை அளவுப் பரப்பில் விழும். கல்லோ ஒரு கூர்முனையில் வந்து இறங்கும். அந்த இடத்தில் பேருந்தின் கண்ணாடி இருக்கலாம், அல்லது ஒரு குழந்தையின் கண் இருக்கலாம். இப்படிப்பட்ட இயந்திரம் ஓடும்போது சுமார் 90 மீட்டருக்குள் யாரும் நிற்கக்கூடாது என்று சில உற்பத்தியாளர்களின் கையேடுகள் எச்சரிப்பது சும்மா அல்ல. 90 மீட்டர் என்பது கிட்டத்தட்ட ஒரு காற்பந்துத் திடலின் நீளம்.

இரண்டாவது இயந்திரத்தின் பெயர் ஃபிளெயில். அம்மிக் குழவியைப் போலக் கிடைமட்டமாக ஓர் உருளை. அதைச் சுற்றிலும் கீல் வைத்துத் தொங்கும் சிறு சுத்தியல் கத்திகள், வரிசை வரிசையாக. உருளை சுழலும்போது அவை வெளிப்பக்கமாக விறைத்து நிற்கும். கல்லில் மோதினால் கீலில் மடங்கிப் பின்வாங்கும். ஸ்லேஷரின் கத்தியும் கீலில்தான் ஆடும் என்று கடைக்காரர் சொல்வார். பல ஸ்லேஷர்களில் அது உண்மைதான். ஆனால் அங்கே ஒவ்வொரு கத்தியும் பல கிலோ எடை. இங்கே சுமையைச் சிறு சிறு கத்திகள் பல பகிர்ந்துகொள்கின்றன.

இதன் வேகத்தையும் கணக்கிடுவோம். சுத்தியல் நுனிகள் போடும் வட்டத்தின் விட்டம் 40 சென்டிமீட்டர், சுழற்சி நிமிடத்துக்கு 2,000 என்று எடுத்துக்கொண்டால், விநாடிக்கு 42 மீட்டர் வருகிறது. மாதிரிக்கு மாதிரி இது மாறும். அதே 50 கிராம் கல்லுக்கு இப்போது 44 ஜூல்தான். வேகம் ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்ததற்கே சக்தி ஐந்தில் இரண்டு பங்குக்கும் கீழே போய்விட்டதைக் கவனித்தீர்களா? வர்க்கம் செய்யும் வேலை அது. என்றாலும் 44 ஜூல் ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். இதை மட்டும் வைத்து ஃபிளெயில் ஆபத்தற்றது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எனக்கு வேகத்தைவிட முக்கியமாகப் படுவது திசை. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றிக் கயிற்றை விட்டால், அந்தக் கணத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே நேர்க்கோட்டில் கல் பறக்கும். ஸ்லேஷரின் கத்தி படுத்தவாக்கில் சுழல்வதால் அதன் நேர்க்கோடுகள் எல்லாத் திசைக்கும் போகின்றன. முன்னால், பின்னால், சாலைப் பக்கம், வீட்டுப் பக்கம், எங்கும். ஃபிளெயிலின் உருளையோ சக்கரம் உருளும் திசையில் சுழல்கிறது. அது எறிவது பெரும்பாலும் முன்னும் பின்னும்தான். முன்னால் தொங்கும் தடுப்புகளும் பின்னால் தரையோடு உருளும் உருளைத் தண்டும் அந்த இரு வழிகளையும் பெருமளவு அடைத்துவிடுகின்றன. சாலையோரத்தில் ஆட்கள் நடப்பது இயந்திரத்தின் பக்கவாட்டில். எந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரோ அந்தப் பக்கம் குறைவாக எறியும் இயந்திரமே எனக்கு வேண்டும்.

ஸ்லேஷருக்கும் பக்கத் தகடுகள் உண்டே என்றால், உண்டு. சமதரையில் அவை நன்றாகவே வேலை செய்யும். மேடு பள்ளமான ஓரத்தில்தான் சிக்கல். ஒரு மீட்டர் கோலையும் 15 சென்டிமீட்டர் அடிக்கோலையும் எடுத்துப்போய்ச் சாலையோரத்து மேட்டில் வைத்துப் பாருங்கள். நீளமான கோல் இரண்டு உச்சிகளைத் தொட்டுக்கொண்டு நடுவில் அந்தரத்தில் நிற்கும். சிறியது தரையோடு ஒட்டிப் படுக்கும். அகலமான புல்வெட்டியும் அப்படித்தான். ஒரு பக்கம் மேட்டில் ஏறினால் மறுபக்கத் தகடு தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். கல் வெளியேற அந்த இடுக்கு போதும். மாமாவின் கண்ணுக்கு லாபமாகத் தெரிந்த அகலமே இங்கே தீங்காகிறது.

ஃபிளெயிலுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. விலை கூடுதல். தேயும் சுத்தியல்கள் பல. ஒரே அகலத்துக்கு டிராக்டரின் திறனும் அதிகம் கேட்கும். ஆள் உயரத்துக்கு வளர்ந்த புல்லும் கொடியும் உருளையில் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும். நடமாட்டமில்லாத உள்தடங்களுக்கு, விரல் கனமுள்ள புதருக்கு, ஸ்லேஷரே நல்லது. அங்கே அதை நானும் குறை சொல்லமாட்டேன். ஆனால் குத்தகை சாலையோரத்துக்கு, கையில் ஒன்று வாங்கத்தான் பணம் என்றால், என் ஓட்டு ஃபிளெயிலுக்கு.

ஏற்கெனவே ஸ்லேஷர் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறியவா முடியும்? அவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலிகளைக் கழற்றாமல் இருந்தால் பாதி புண்ணியம். புல் அடைக்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். கல் வந்து மோதும்போது சங்கிலி பின்னால் ஊசலாடி, கல்லின் சக்தியைத் தான் வாங்கிக்கொள்கிறது. அழகுக்குத் தொங்கவிட்டதல்ல. அதேபோல, சில இயந்திரங்களின் சுழல்தண்டில் மலிவான போல்ட் ஒன்று இருக்கும். கத்தி பாறையில் சிக்கினால் உடைய வேண்டும் என்பதற்காகவே வைத்தது. அது உடைந்து பற்சக்கரப் பெட்டியைக் காப்பாற்றும். "அடிக்கடி உடைகிறதே" என்று அங்கே உறுதியான போல்ட்டைப் போடுகிறவர், அடுத்த முறை பெட்டியையே மாற்ற நேரிடும்.

எந்த இயந்திரமாக இருந்தாலும் தரையோடு சேர்த்து மழிக்க வேண்டாம். 8 முதல் 10 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டினால் கத்தி பெரும்பாலான கற்களைத் தொடாமலே போகும். ஓரத்து மண்ணைப் பிடித்துவைத்திருப்பதும் அந்தப் புல்லின் வேர்தான். மொட்டையடித்தால் அடுத்த மழையில் ஓரம் கரைந்து வாய்க்காலுக்குப் போகும். லாலாங் எப்படியும் மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலிருந்து மறுபடி முளைக்கும். மொட்டையடிப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. தோட்டச் சாலையோரத்தில் காலையில் பூத்துப் பிறகு வாடிவிடும் ஒரு சிறு பூவைப் பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர்கள் புங்கா புக்குல் லாப்பான், எட்டு மணிப் பூ என்பார்கள். டர்னரா என்பது அதன் அறிவியல் பெயர். பல தோட்டங்களில் இதை வேண்டுமென்றே நடுகிறார்கள். செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவைக் கொல்லும் சிறு குளவிகளுக்கு இதன் தேன் உணவு. அகலக் கத்தி இதையும் சேர்த்து விழுங்கிவிடும். அந்தச் சேதம் குத்தகைக் கணக்கில் வராது. மருந்தடிக்கும் செலவில்தான் வரும்.

குடியிருப்புகளின் முன்னாலும் பள்ளி வாசலிலும் மட்டும் டிராக்டரே வேண்டாம் என்பேன். அந்த நூறு, இருநூறு மீட்டருக்கு நைலான் நூல் பூட்டிய கைப்புல்வெட்டி போதும். அதுவும் கல்லைத் தெறிக்கும்தான். ஆனால் வலைத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு உடன் ஓர் ஆள் நிற்கலாம். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து வெட்டலாம். கூலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

மாமா இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார். கடையிலேயே முடிவு சொல்ல வேண்டாம், ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். புல் வெட்டும் வேலை நடக்காத சனிக்கிழமைக் காலை ஒன்றில் அவரையும் கூட்டிக்கொண்டு, அவர் வெட்டப்போகும் சாலைக்குப் போங்கள். நான்கு குச்சிகளும் கயிறும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்துப் புல்லில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கட்டி, கோலிக்குண்டைவிடப் பெரிய தளர்வான கற்களை எண்ணுங்கள். இடம் மாற்றி மாற்றிப் பத்துச் சதுரம். பாம்புக்குப் பயந்து பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணிய எண்களை ஒரு தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்துவிட்டு, பிறகு இருவருமாகக் கடைக்குப் போங்கள்.