தள்ளுவண்டிக்கு ஒரு பிரேக் கேட்போம்

பணியிடப் பாதுகாப்பு வகுப்புகளில் தள்ளுவண்டி பற்றிச் சொல்லித்தரும் விதிகள் எல்லாம் சரியானவைதான். வண்டியை இழுக்காமல் தள்ள வேண்டும். இழுத்தால் உடல் திருகி, தோளும் முதுகும் பளுவை வாங்கிக்கொள்ளும். கனமானதை அடியில் வைக்க வேண்டும். சுமைக்கு மேலே பாதை தெரிய வேண்டும். கைப்பிடி இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்க வேண்டும். இறக்கத்தில் வண்டிக்கு முன்னால் நிற்கக் கூடாது. சக்கரம் பழுதான வண்டியை எடுக்கவே கூடாது.

இதில் எதையும் நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: இந்த விதிகளைக் கடைப்பிடிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

நம் ஊர்களில் காலையில் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளரின் வண்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு இரும்புச் சட்டம், அதில் நான்கைந்து பிளாஸ்டிக் டிரம், கீழே சக்கரம். விதிகளை ஒவ்வொன்றாக அந்த வண்டிமீது வைத்துப் பார்ப்போம்.

அளவுக்கு மேல் ஏற்றாதே என்கிறது முதல் விதி. எவ்வளவு குப்பை வரும் என்பதைத் தெருதான் முடிவு செய்கிறது. பண்டிகைக்கு மறுநாள் அது இரண்டு மடங்காகும். மழைக்காலத்தில் எல்லாமே நனைந்து வரும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ என்பது பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு. சோறும் குழம்பும் இளநீர் மட்டையும் நிறைந்த டிரம் என்ன எடை இருக்கும் என்று யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. இத்தனை கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று எழுதியிருக்கும் குப்பை வண்டியை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

பழுதான வண்டியை எடுக்காதே என்கிறது அடுத்த விதி. எடுக்காவிட்டால் என்ன ஆகும்? மாற்று வண்டி இருக்காது. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் அன்றைய வருகைப் பதிவே கேள்விக்குறியாகும். அதனால் கயிற்றைக் கட்டி, கம்பியை முறுக்கி, காற்றில்லாத டயரோடு தள்ளுகிறார்கள். காற்றிறங்கிய டயரை உருட்ட எவ்வளவு கூடுதல் பலம் வேண்டும் என்பது சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். அதிலும் நின்ற வண்டியை நகர்த்தும் முதல் தள்ளலுக்குத்தான் அதிக பலம் வேண்டும். வீட்டுக்கு வீடு நிற்கும் வேலையில் அந்த முதல் தள்ளல் ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள்.

கைப்பிடியின் உயரத்தை யார் முடிவு செய்தார்கள்? வண்டி வாங்கிய டெண்டர். அந்த வண்டியைத் தள்ளும் பெண்களிடம் யாராவது ஒரு நாள் கேட்டிருப்பார்களா?

இந்த வேலையில் இருப்பவர்கள் மிகப் பெரும்பாலும் தலித் மக்கள் என்பதற்கும் அந்த வண்டி அப்படியே இருப்பதற்கும் தொடர்பில்லை என்று நாம் நம்பத் தயாராக இல்லை. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு கை ரிக்‌ஷாவை ஒழித்தது. மனிதனை மனிதன் இழுப்பது அவமானம் என்று ஒரு அரசுக்கு உறைத்தது. அது பெருமைக்குரிய செயல். ஆனால் மனிதர்களின் கழிவை மனிதர் தள்ளிக்கொண்டு போவது அதே அளவுக்கு உறைக்கவில்லை. துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியது. சக்கரம் மாறவில்லை.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 34ஆவது பிரிவில், காயம் உண்டாக்கக்கூடிய அளவுக்குக் கனமான சுமையைத் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. தெரு தொழிற்சாலை இல்லையே! 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சீருடை, ஒளிரும் மேற்சட்டை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் ஆகியவற்றைத் தரச் சொல்லியிருந்தன. அந்தப் பட்டியலில் வண்டி இல்லை. தொழிலாளியின் உடலுக்கு உறை மாட்டினால் போதும், அந்த உடல் தள்ளும் பொருளைப் பற்றிக் கவலை வேண்டாம் என்பதுதான் இதன் பொருள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதுகெலும்பு ஒரே நாளில் தேய்வதில்லை. ஆகவே அது விபத்துப் பதிவேட்டில் ஏறாது. பதிவேட்டில் இல்லாத வலிக்கு இழப்பீடு கேட்க முடியாது. "வயசாச்சு, பழகிப்போச்சு" என்று அந்த அக்காக்களே சொல்லிவிடுகிறார்கள். நாற்பது வயதில் வரும் வலிக்கு வயது காரணம் இல்லை.

பேட்டரி வண்டி வந்தால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். வரட்டும், வரவேற்போம். ஆனால் அது நுழையாத சந்துகளில் தள்ளுவண்டிதான் இருக்கும். பேட்டரி வண்டியை ஓட்டும் பயிற்சி இன்று தள்ளிக்கொண்டிருக்கும் பெண்களுக்குக் கிடைக்குமா, அல்லது வண்டி வந்ததும் அவர்களுக்கு வேலை போகுமா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மாணவத் தோழர்களே, இதில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. உங்கள் வார்டில் ஒரு காலை வேளை வண்டியோடு நடந்து பாருங்கள். தொழிலாளர்களின் சம்மதத்தோடு, அவர்கள் பெயரை எங்கும் எழுதாமல், கைப்பிடியின் உயரம், சக்கரத்தின் நிலை, நிறைந்த டிரம்மின் எடை, வழியிலுள்ள மேடு பள்ளம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மூன்று கேள்விகள் போடுங்கள்: இந்த வண்டிகளை வாங்கியபோது டெண்டரில் என்ன அளவுகள் குறிப்பிடப்பட்டன? கடந்த மூன்று ஆண்டுகளில் பழுதுபார்க்க எவ்வளவு செலவானது? ஒரு வண்டிக்கு அதிகபட்ச எடை என்ன? 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. ஒவ்வொரு வண்டியிலும் எடை வரம்பு எழுதப்பட வேண்டும். பெரிய சக்கரமும், நிறுத்த ஒரு பிரேக்கும், உயரம் மாற்றக்கூடிய கைப்பிடியும் வேண்டும். மேட்டுப் பகுதிக்கு இரண்டு பேர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழுதான வண்டியை மறுக்கும் உரிமை, கூலி வெட்டில்லாமல் வேண்டும்.

நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் 2021ஐ நினைவூட்டுங்கள். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று அந்த ஆண்டு தமிழ்நாடு சட்டம் திருத்தியது. அதுவரை நிற்பது அந்த வேலையின் இயல்பு என்றே எல்லோரும் சொல்லிவந்தார்கள். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த அம்பேத்கர், வேலை நேரத்தையும் தொழிலாளர் நலத்தையும் சட்டத்தின் விஷயமாகத்தான் பார்த்தார். முதலாளியின் கருணைக்கு அவற்றை அவர் விட்டுவைக்கவில்லை.

முழங்காலை எப்படி மடக்குவது என்று தொழிலாளிக்குச் சொல்லித்தருவதற்கு முன்னால், வண்டி வாங்குகிறவருக்கு வகுப்பெடுக்க வேண்டியிருக்கிறது. அதை நாம் தொடங்குவோம்.