பாதி வேலை காருக்கு, மீதி வேலை யாருக்கு?



“தானா ஓடுற கார் வந்தாச்சு, இனிமே டிரைவர் தூங்கினாலும் கவலை இல்லை” என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். இது ஆபத்தான பேச்சு என்பது என் கருத்து.

இன்று விற்கும் பல கார்கள் பாதிதான் தானியங்கி. கோட்டுக்குள் போகும், முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விடும். அவ்வளவுதான்! ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியது டிரைவர்தான்.

சிக்கலே அங்கேதான். மத்தியானம் சாப்பிட்டதும் வரும் பீரியடை நினைத்துப் பாருங்கள். கணக்குப் போட்டால் தூக்கம் வராது. சும்மா கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கண் சொக்கும். டிரைவர் சீட்டிலும் இதே கதைதான்.

கூகுள் நிறுவனம் இப்படிப்பட்ட கார்களைத் தன் ஊழியர்களிடமே கொடுத்து, உள்ளே கேமரா வைத்துப் பார்த்தது. கார் சுமார் 90 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆள் தூங்குகிறார்! பயந்துபோய் 2013 வாக்கில் அந்த முயற்சியையே கைவிட்டார்கள். 2020-ல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஒரு டெஸ்லா கார் 140 கி.மீ.க்கும் மேல் பறந்தது. முன் சீட் இரண்டும் சாய்ந்திருக்க, உள்ளே இருந்த இருவரும் தூங்கியதாகத் தெரிந்தது என்றது போலீஸ்.

90 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். நாலே நொடி கண்ணசந்தால் 100 மீட்டர்! நம் விளையாட்டு விழாவில் ஓடுகிற அந்த முழுத் தூரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்குச் சமம். நடுவில் ஒரு குழந்தை ரோட்டைக் கடந்தால்?

“தூரப் பயணத்தில் டிரைவருக்கு அலுப்பு குறையுமே” என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்த உதவி தாலாட்டாக மாறிவிடக் கூடாது. சில கார்கள் ஸ்டீயரிங்கில் கை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கின்றன. தூங்குகிறவர் கையும் அங்கே கிடக்கலாமே! எனவே கேமரா கண்ணைக் கவனிக்க வேண்டும். கண் மூடினால் அலாரம் அடிக்க வேண்டும். அப்படியும் எழாவிட்டால் கார் தானே மெதுவாகி நிற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதுக் கார்களில் தூக்க எச்சரிக்கை கட்டாயம். எல்லா நாடுகளும் இதைச் செய்யட்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் டிரைவரின் முகத்தைப் பாருங்கள். கொட்டாவி வந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் தூங்கி எழுந்து போகட்டும். லேட்டானால் பரவாயில்லை.

காருக்குத் தூக்கம் வராது. ஆனால் பொறுப்பும் கிடையாது. பொறுப்பு உள்ளவர் விழித்திருக்கட்டும்!

– பதினோராம் வகுப்பு மாணவி, ‘அ’ பிரிவு