வணிகரின் வாக்கும் வாக்காளரின் வாக்கும்

வாக்கு என்னும் சொல் தமிழில் பேச்சையும் குறிக்கும். கொடுத்த உறுதிமொழியையும் குறிக்கும். தேர்தலில் குடிமகன் செலுத்தும் உரிமையையும் குறிக்கும். அரபு மொழியிலும் ‘ஸவ்த்’ என்னும் ஒரே சொல் குரலுக்கும் தேர்தல் வாக்குக்கும் வழங்குகிறது. வாக்குரிமை இழந்தவன் நாட்டின் அவையில் ஊமையாக்கப்பட்டவன் என்பதை இவ்விரு மொழிகளும் சொல்லாமற் சொல்கின்றன.

அத்தகைய ஊமை நிலை ஒரு சாராருக்கு நேரும்போது, பொருள் வளமும் பேச்சு வன்மையும் படைத்த வணிகப் பெருமக்கள் வாய் திறக்கவேண்டுமா, வேண்டாமா? அமெரிக்காவில் 2021-ஆம் ஆண்டில் இவ்வினா பெரும் புயலாக எழுந்தது. “வணிகனுக்கு அரசியல் எதற்கு?” என்றனர் ஒரு சாரார். “மக்களாட்சியின் காவலர்கள் இவர்களே!” என்று மாலை சூட்டினர் மறு சாரார். இரண்டு கூற்றும் பிழை என்பதே எம் கருத்து. வணிகன் பேசவேண்டும், அது அவன் கடமை. ஆனால், காலம் கடந்து, காசு இழக்காமல் பேசும் பேச்சுக்கு மாலை சூட்டுவது மடமை.

நடந்ததை முதலில் காண்போம். ஜார்ஜியா மாநிலத்தின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் கறுப்பின மக்கள். 2020 நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் அம்மாநிலத்தில் ஜோ பைடன் 11,779 வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2021 ஜனவரி 5-ஆம் நாள் நடந்த மறுதேர்தலில் செனட் சபைக்குரிய இரண்டு இடங்களையும் அவருடைய கட்சியே கைப்பற்றியது. அதற்குப் பின் மூன்று திங்கள் முடிவதற்குள், குடியரசுக் கட்சி ஆட்சி செய்த அம்மாநிலச் சட்டமன்றம் புதிய தேர்தல் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மார்ச் 25-ஆம் நாள் அவையில் நிறைவேறிய சட்டத்தில் அன்று மாலையே ஆளுநர் பிரையன் கெம்ப் கையொப்பமிட்டார். இத்தனை விரைவு எதற்கு?

அஞ்சல் வாக்குக் கோரும் காலம் குறுக்கப்பட்டது. தேர்தலுக்கு 180 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது 78 நாளாயிற்று. அஞ்சல் வாக்குச் சீட்டைச் சேர்க்கும் பெட்டிகள் முன்கூட்டி வாக்களிக்கும் நிலையங்களுக்கு உள்ளேயே, அலுவல் நேரத்தில் மட்டுமே இருக்கவேண்டும் என்றாயிற்று. வாக்குச்சாவடியிலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்கு உணவோ நீரோ வழங்குவது குற்றமாயிற்று. யாவற்றினும் மேலாக, மாவட்டத் தேர்தல் அலுவலரை நீக்கித் தாமே பொறுப்பேற்கும் அதிகாரம் மாநிலத் தேர்தல் வாரியத்துக்கு அளிக்கப்பட்டது. வாக்குகளைத் ‘தேடித் தரும்படி’ அதிபர் டிரம்ப் தொலைபேசியில் கேட்டபோது இணங்க மறுத்த மாநிலச் செயலாளர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர், அவ்வாரியத்தின் தலைமைப் பதவியிலிருந்து அதே சட்டத்தால் அகற்றப்பட்டார். நேர்மைக்குக் கிடைத்த பரிசு அது!

அட்லாண்டா நகரம் கோக்கா கோலா, டெல்டா விமானம் போன்ற பெரும் நிறுவனங்களின் தலைமையிடம். “சட்டம் நிறைவேறுமுன் வாய் திறவுங்கள்” என்று கறுப்பினத் திருச்சபைத் தலைவர்களும் உரிமை இயக்கத்தாரும் அந்நிறுவனங்களிடம் மன்றாடினர். கிடைத்தவை நழுவலான சொற்களே. சட்டம் கையொப்பமான மறுநாள், மசோதா பெரிதும் திருத்தமடைந்துவிட்டதென்று டெல்டாவின் அறிக்கை ஆறுதல் கூறியது.

மார்ச் 31-ஆம் நாள் நிலைமை மாறிற்று. கென்னத் செனால்ட், மெர்க் மருந்து நிறுவனத்தின் தலைவர் கென்னத் ஃபிரேசியர் ஆகியோர் முன்னின்று, கறுப்பின வணிகத் தலைவர்கள் 72 பேர் கையொப்பமிட்ட மடல் வெளியாயிற்று. அன்றுதான் டெல்டாவின் தலைமை நிர்வாகி எட் பாஸ்டியனும், கோக்கா கோலாவின் ஜேம்ஸ் குவின்சியும் அச்சட்டம் ஏற்கத்தக்கதன்று என்று அறிவித்தனர். ஆறு நாளில் சட்டத்தின் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது காற்றின் திசையே! ஏப்ரல் 2-ஆம் நாள், பேஸ்பால் சங்கத்தார் அட்லாண்டாவில் நடைபெறவிருந்த தம் நட்சத்திர ஆட்டத்தை வேறு நகருக்கு மாற்றுவதாக அறிவித்தனர். ஏப்ரல் 14-இல் நூற்றுக்கணக்கான நிறுவனங்களும் செல்வர்களும் கையொப்பமிட்ட அறிக்கை நாளிதழ்களில் இரண்டு பக்க விளம்பரமாக வந்தது. அக்கையொப்பங்களிடையே கோக்கா கோலாவும் டெல்டாவும் இல்லை.

வணிகர் வாய் திறந்ததைக் கண்டு சினந்தவர்களின் வாதம் விந்தையானது. செனட் சபையின் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல், நிறுவனங்கள் அரசியலிலிருந்து விலகி நிற்கவேண்டும் என்று எச்சரித்தார். மறுநாளே, தாம் தேர்தல் நன்கொடையைக் குறிப்பிடவில்லை என்று விளக்கமும் தந்தார். இதன் பொருள் யாது? வணிகனே, உன் வாயை மூடு. ஆனால் கையைத் திறந்தே வை! தேர்தல் பிரசாரத்தில் நிறுவனங்கள் தம் பொறுப்பில் வரம்பின்றிச் செலவிடலாம் என்று 2010-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பணம் பேசும்போது காது குளிர்ந்தவர்களுக்கு, மனிதன் பேசும்போது மட்டும் காது கூசுவானேன்?

எனினும், எதிர்வாதங்களுள் எடை மிக்கவற்றை ஒதுக்கிவிடுவது நியாயமன்று. “மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தை, எவரும் தேர்ந்தெடுக்காத முதலாளிகள் மிரட்டலாமா?” என்று கேட்கின்றனர். நல்ல கேள்வி. நாளை அதே முதலாளிகள் தொழிலாளர் நலச் சட்டத்தை எதிர்த்தும் இவ்வாறே கிளம்பலாம். ஆனால், வாக்குரிமை பற்றிய சட்டம் ஏனைய சட்டங்களைப் போன்றதன்று. பிற சட்டங்கள் தவறானால் அடுத்த தேர்தலில் மக்கள் திருத்திக்கொள்வர். தேர்தலையே வளைக்கும் சட்டத்தை எந்தத் தேர்தலில் திருத்துவது? அங்கே நாவுள்ள ஒவ்வொருவனும் சாட்சி சொல்லக் கடமைப்பட்டவன். வணிகனும் அதற்கு விலக்கன்று. ஊரறிய வெளிப்படையாகப் பேசுபவனை ஊரார் மறுத்துரைக்கலாம். திரைக்குப் பின்னால் பை மாற்றுபவனை யார் மறுத்துரைப்பது? அஞ்சவேண்டியது இரண்டாமவனையே.

“சட்டம் அவ்வளவு கொடியதன்று; முன்கூட்டி வாக்களிக்க இரண்டு சனிக்கிழமைகளைக் கட்டாயமாக்கியதும் இதே சட்டந்தானே? 2022-ஆம் ஆண்டு இடைக்காலத் தேர்தலில் முன்கூட்டி வாக்களித்தோர் தொகை முந்தைய எந்த இடைக்காலத் தேர்தலினும் மிகுந்ததே!” என்பது இன்னொரு வாதம். உண்மைதான். ஆனால், சுவரை ஏறிக் கடந்தவர்கள் பலர் என்பதால் சுவர் எழுப்பியது நியாயமாகிவிடுமா? அது ஏறியவரின் உறுதிக்குச் சான்று. எழுப்பியவரின் நல்லெண்ணத்துக்குச் சான்றன்று.

ஆட்டத்தை மாற்றியதால் அட்லாண்டாவின் சிறு கடைக்காரர்களும் கூலிகளும் வருவாய் இழந்தனர் என்ற குறையில் உண்மை உண்டு. அம்மாநிலத்தில் வாக்குரிமைக்குப் போராடிய ஸ்டேசி ஏப்ரம்ஸ் அம்மையாரே அம்முடிவு தமக்கு ஏமாற்றமளிப்பதாகக் கூறினார். பெரியவன் காட்டும் கோபத்தின் விலையைச் சிறியவன் தலையில் சுமத்துவது அறமாகாது. பெரியவன் தன் பையிலிருந்தே கொடுக்கவேண்டும்.

அப்பையைத்தான் அவர்கள் கட்டவில்லை! 2021 ஜனவரி 6-இல் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பின்னரும், தேர்தல் முடிவை ஏற்க மறுத்து வாக்களித்த உறுப்பினர்கள் 147 பேர். அவர்களுக்கு இனி நன்கொடை இல்லை என்று பல நிறுவனங்கள் முழங்கின. ஓராண்டு நிரம்புமுன் அவற்றுள் பல மீண்டும் பணம் வழங்கத் தொடங்கிவிட்டன. டெக்சாஸ் மாநிலத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், டெல் ஆகிய நிறுவனங்கள் மசோதா நிலையிலேயே எதிர்த்துப் பேசின, அது பாராட்டுக்குரியது. ஆயினும், பேச்சுக்குப் பின்னால் இழப்பு எதுவும் தொடராது என்பதை ஆட்சியாளர் அறிந்திருந்தனர். அங்கும் செப்டம்பர் 7-ஆம் நாள் புதிய தேர்தல் சட்டம் கையொப்பமாயிற்று.

இவ்விடத்தில் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுகூரத் தக்கது. 1964-ஆம் ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். அவருடைய சொந்த ஊரான அட்லாண்டாவில் விருந்தளித்துச் சிறப்பிக்க முயன்றபோது, வெள்ளை வணிகர்கள் அழைப்பிதழை ஏறிட்டும் பார்க்கவில்லை. அப்போது கோக்கா கோலாவின் தலைவர் பால் ஆஸ்டின் அவர்களைக் கூட்டி, எம் நிறுவனத்துக்கு இந்நகரம் இன்றியமையாததன்று, நகரத்துக்குத்தான் நிறுவனம் வேண்டும் என்ற கருத்துப்படப் பேசினார் என்பதை ஆண்ட்ரூ யங் கூறியிருக்கிறார். 1965 ஜனவரி 27-ஆம் நாள் விருந்து மண்டபம் நிரம்பி வழிந்தது. பால் ஆஸ்டின் ஞானியல்லர். உலக வாணிகத்தில் பெயர் கெடுமே என்ற கணக்கும் அவரிடம் இருந்திருக்கும். ஆனால், காரியம் கெடுமுன் பேசினார். எதை இழக்க நேரும் என்பதையும் சொன்னார். ஆகவே பேச்சு பலித்தது.

அதன் எல்லையையும் மறத்தலாகாது. அவ்விருந்து நடந்து நாற்பது நாள் ஆவதற்குள், மார்ச் 7-ஆம் நாள், அலபாமாவின் செல்மா நகரப் பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்த மக்கள் தடியடிபட்டனர். ஜான் லூயிஸ் மண்டை உடைந்து வீழ்ந்தார். ஆகஸ்ட் 6-இல் வாக்குரிமைச் சட்டத்தை ஈன்றது அந்தக் குருதியே. எந்த விருந்தும் அன்று. ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் தம் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மைய அரசின் அனுமதி பெறவேண்டும் என்று அச்சட்டம் பூட்டுப் போட்டது. 2013-இல் ஐவருக்கு நால்வர் என்ற தீர்ப்பால் உச்ச நீதிமன்றம் அப்பூட்டைச் செயலற்றதாக்கியது. பூட்டு திறந்து கிடந்த எட்டு ஆண்டுகளும் இப்பெரு வணிகருள் எத்தனை பேர் தெருவுக்கு வந்தனர்?

அதை மீண்டும் பூட்டுவதற்காக ஜான் லூயிஸ் பெயரால் மசோதா எழுந்தபோது, 2021 ஜூலையில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஆதரவு மடல் எழுதின. மடல் மடலாகவே நின்றது. 2022 ஜனவரி 19-ஆம் நாள், அதை நிறைவேற்ற செனட் சபையின் விதியை மாற்றும் முயற்சி 48-க்கு 52 என்ற கணக்கில் தோற்றது. ஜார்ஜியா சட்டத்தின்மீது மைய அரசு தொடுத்திருந்த வழக்கு 2025 மார்ச் 31-இல், அந்த 72 பேர் மடல் எழுதிச் சரியாக நான்கு ஆண்டு நிறைந்த நாளில், திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், பேஸ்பால் நட்சத்திர ஆட்டம் அட்லாண்டாவிலேயே கோலாகலமாக நடந்தேறியது. சட்டம் இருந்த இடத்தில் இருந்தது. கோபம்தான் இடம் பெயர்ந்து போயிற்று.

ஆகவே, வணிகரின் சொல்லை அளக்க மூன்று அளவைகளை வைத்துக்கொள்வோம். தீங்கு நிகழுமுன் சொன்னாரா? சொன்னதற்காகத் தாம் எதையேனும் இழக்க ஒருப்பட்டாரா? செய்தித்தாள் மறந்த பின்னரும் அதே சொல்லில் நின்றாரா? கென்னத் ஃபிரேசியர் 2017-இல், இனவெறியரை அதிபர் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை என்று அவருடைய ஆலோசனைக் குழுவிலிருந்து முதல் ஆளாக வெளியேறியவர். அதிபரின் ஏச்சையும் அதற்காக ஏற்றார். ஆகவே, அவர் 2021-இல் பேசியபோது அச்சொல்லுக்கு எடை இருந்தது. ஏனையோரில் பலர் இம்மூன்று அளவைகளிலும் தேறவில்லை.

நம் குடும்பங்களில் கடை வைத்திருப்போர் பலர். அமெரிக்கப் பெருமுதலாளிகளின் கதை நமக்கெதற்கு என்று அவர்கள் தள்ளிவிட வேண்டா. தராசு சிறிதாயினும் பெரிதாயினும் முள் ஒன்றுதான். ஊரில் ஒருவனுடைய பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து அநியாயமாக நீக்கப்படும்போது, வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரோ, அதிகாரி பகைத்துக்கொள்வாரோ என்று அஞ்சி வாய் மூடும் கடைக்காரரும், ஆறு நாள் காத்திருந்து காற்றின் திசை பார்த்த நிறுவனத் தலைவரும் ஒரே வரிசையில் நிற்பவர்களே. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அமர்ந்திருப்பவனும் குடிமகன்தான். அவன் வாய் திறக்கவேண்டிய நேரம் சட்டத்தில் மை காய்வதற்கு முன்பே.