நிலக்கரி ஏறலாம், நீங்கள் ஏற முடியாது

நியூகாசிலில் ஒரு வருடம் ப்ராஜெக்ட் வேலையில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து வடக்கே ஆஷிங்டன் போனேன். பழைய சுரங்க ஊர். ஊருக்குள்ளேயே தண்டவாளம் இருக்கிறது, சரக்கு ரயில் ஓடுகிறது. மனிதர்கள்தான் ஏற முடியாது. 1964 நவம்பரோடு பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள்.

"லாபமில்ல, அதான் நிறுத்தினாங்க" என்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. தண்டவாளத்தையும் பிடுங்கியிருந்தால்கூட அந்த வாதத்தில் ஒரு நேர்மை இருந்திருக்கும். பாதை இருந்தது, பாலம் இருந்தது, லெவல் கிராஸிங்கில் கேட் மூடித் திறந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று ரயிலை வேடிக்கை பார்க்கும் உரிமை மட்டும் ஊர்க்காரர்களுக்கு மிச்சம்.

எல்லாவற்றுக்கும் மேற்கோள் காட்டப்படுவது 1963இல் வந்த பீச்சிங் அறிக்கை. மொத்தம் 2,363 நிலையங்களை மூடச் சொன்ன அறிக்கை அது. பிரிட்டனின் மூன்றில் ஒரு பங்கு ரயில்பாதையில் 1 சதவீதப் பயணம்தான் நடக்கிறது என்பது அதன் பிரபலமான கணக்கு. அறிக்கைக்காகப் போக்குவரத்தை எண்ணியது எப்போது? 1961 ஏப்ரலில், ஒரே ஒரு வாரம். ஒரு வார லாகைப் பார்த்துவிட்டு ஒரு சர்வரை நிரந்தரமாக அணைக்கலாம் என்று நான் மீட்டிங்கில் சொன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

சரக்கு விஷயத்தில் அவர்கள் கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ரயில் முழுக்க நிலக்கரி, ஒரே இடத்துக்கு. கிளைப்பாதைக்கு அதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடையாது. ஆனால் அந்த வாடிக்கையாளர் என்ன ஆனார்? ஆஷிங்டன் சுரங்கம் 1988இல் மூடப்பட்டது. பக்கத்து லைன்மவுத் அலுமினிய ஆலை 2012இல் போனது. அங்கிருந்த மின்நிலையம் நிலக்கரியையே கைவிட்டு, கப்பலில் வரும் மரத்தூள் வில்லைகளுக்கு மாறிவிட்டது. இத்தனையும் மாறியபோது மாறாமல் அதே இடத்தில் இருந்தது ஊர் ஜனம். வண்டி இல்லாதவன், காலேஜ் போகிற பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவி. இவர்களைத்தான் நிரந்தரமில்லாத வாடிக்கையாளர் என்று தள்ளினார்கள்.

2024 டிசம்பர் 15 அன்று பயணிகள் ரயில் திரும்பி வந்தது. நியூகாசிலுக்கு 35 நிமிஷம். செலவு கிட்டத்தட்ட 30 கோடி பவுண்டு. புது நிலையங்கள், சிக்னல், கிராஸிங் எல்லாம் சேர்த்து. "பார்த்தியா எவ்ளோ செலவு" என்று அதே ஆட்கள் மறுபடி வருகிறார்கள். அய்யா, இது ரயில் ஓட்டும் செலவு இல்லை. அறுபது வருஷம் ஓட்டாமல் விட்டதற்கான பில்.

அந்த பில்லும் முழுசாகக் கட்டப்படவில்லை. பழைய பயணிகள் ரயில் போய் நின்ற கடற்கரை ஊர் நியூபிகின். அங்கே தண்டவாளமே இல்லை. புது ரயில் ஆஷிங்டனோடு நின்றுவிடுகிறது. அதற்கு வடக்கே லைன்மவுத் வரை பாதை நன்றாகத்தான் இருக்கிறது, மரத்தூள் வில்லைகளுக்கு.