48ஆவது மடை

“நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்” என்று ஆர்.எஸ்.மங்கலத்துப் பெருங்கண்மாயைப் பெருமையுடன் பேசும் இராமநாதபுரம் சீமை. 47 மடைகளை அடைத்து, ஒன்றை மட்டும் திறந்துவிட்டால் நீர் நிற்குமோ? உழவன் அறிந்த இவ்வுண்மையை டில்லியின் ஆளவந்தார் அறியாதது ஏனோ?

2024இல் மட்டும் இணையக் கயவர் இந்நாட்டு மக்களிடம் அடித்த கொள்ளை 22,845 கோடி ரூபாய்! நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே ஒப்புக்கொண்ட கணக்கு இது. 1930 என்னும் உதவி எண் தந்தனர். சிம் கார்டுகளை முடக்கினர். வங்கிக் கணக்குகளை முடக்கினர். அடைத்த மடைகள் அவை. அயல்நாட்டில் அமர்ந்து ஆட்டுவிக்கும் முதலாளியைக் கூண்டிலேற்றும் வழி? அதுவன்றோ திறந்து கிடக்கும் மடை!

சட்டம் இல்லையோ? உண்டு. அயல்நாட்டிலிருந்து செய்தாலும், இந்நாட்டுக் கணினியைத் தொட்டால் குற்றமே என்கிறது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75ஆம் பிரிவு. குற்றவாளிகளை நாடுகளிடையே ஒப்படைக்க 1962ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

பிடிபடுவோர் யார்? சில ஆயிரத்துக்குத் தன் வங்கிக் கணக்கை இரவல் தந்த ஏழை. வேலை என்று நம்பித் தாய்லாந்து சென்று, எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் அடைபட்டு, அடிக்கு அஞ்சிப் பிறரை ஏமாற்றிய இளைஞன். அம்பு அகப்பட்டது, எய்தவன் எங்கே?

“எல்லைக்கு அப்பால் உள்ளானே!” என்பர். 2024 ஜனவரியில், கோகாங் பகுதியின் பாய் சுவோசெங் உள்ளிட்ட பத்துப் பேரைச் சீனத்திடம் ஒப்படைத்தது மியான்மர். சீனத்தின் தண்டனைமுறையை நாம் வாழ்த்தவில்லை. வற்புறுத்திக் கேட்டால் வாயில் திறக்கும் என்பதைச் சுட்டுகிறோம்.

2001இல் உருவான புடாபெஸ்டு உடன்படிக்கையை, “எம்மைக் கலவாமல் எழுதியது” என்று ஒதுக்கினர். ஆகட்டும். ஐ.நா.வின் இணையக்குற்ற உடன்படிக்கையை வரைந்த அவையில் இந்தியாவும் அமர்ந்திருந்ததே! ‘தன் குடிமகன் என்பதற்காக ஒருவனை ஒப்படைக்க மறுக்கும் நாடு, தானே அவன்மீது வழக்குத் தொடுக்க வேண்டும்’ என்கிறது அது. 2024 டிசம்பரில் பொதுச்சபை அதை ஏற்றது. 2025 அக்டோபரில் ஹனோய் நகரில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கையொப்பமிட்டன. அவ்வரிசையில் இந்தியா இல்லை!

கருத்துரிமைக்கு அதனால் கேடு வருமென்று அஞ்சுகிறீரா? நியாயமான அச்சம். காப்பு விதிகளைக் கேளுங்கள், நாடாளுமன்றத்தில் வாதிடுங்கள். வாய் மூடிக் கிடப்பது வாதமாகாது.

தோழர்களே! மடை திறந்து கிடக்கிறது. மக்கள் பணம் பாய்ந்தோடுகிறது. உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரைக் கேளுங்கள்: அம்பை எண்ணியது போதும், எய்தவனை எந்நாள் கொணர்வீர்?