விற்கவில்லை என்றால் பலிக்கவில்லையா?

புற்றுநோய் ஆய்வாளர் ஐரா பாஸ்டனின் ஆராய்ச்சி விழலுக்கு இறைத்த நீராம். காரணம், அவர் ஆய்வகத்தில் பிறந்த மோக்ஸெட்டுமோமாப் மருந்து 2018-ல் அனுமதி பெற்று, 2023-ல் அமெரிக்கச் சந்தையை விட்டே போய்விட்டதாம்.

போனது உண்மை. ஏன் போனது? பயன்படுத்தியவர்கள் சொற்பம், கொடுப்பதும் கண்காணிப்பதும் சிக்கல் என்றுதான் மருந்தை விற்ற நிறுவனம் சொன்னது; பலிக்கவில்லை என்று சொல்லவில்லை. ஏற்கெனவே இரண்டு சிகிச்சையாவது எடுத்தும் ஹேரி செல் லுகேமியா என்ற அரிய ரத்தப் புற்றுநோய் அடங்காத 80 பேரிடம் சோதித்தார்கள். 41 சதவீதத்தினருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது.

வேலை செய்யும் விதத்தையும் பாருங்கள். சூடோமோனாஸ் பாக்டீரியாவின் நச்சில், கண்ட செல்லிலும் ஒட்டும் பகுதியை வெட்டியெறிந்தார்கள். அங்கே, அந்தப் புற்றுநோய்ச் செல்களின் மேலுள்ள சிடி22 புரதத்தை மட்டும் பற்றும் ஆன்டிபாடித் துண்டைப் பொருத்தினார்கள். நச்சு உள்ளே நுழைந்ததும் புரத உற்பத்தி நின்று அந்தச் செல் சாகிறது.

குறை இல்லாமல் இல்லை. ரத்த நுண்குழாய்க் கசிவு ஆபத்தானது. பலரது உடல் அந்த நச்சுக்கே எதிர்ப்பொருள் உண்டாக்கி மருந்தை முறித்துவிடும். அந்த எதிர்ப்பைத் தூண்டும் பகுதிகளைத் தேடிப்பிடித்து மாற்றியமைத்ததும் பாஸ்டன் குழுதான்.

அரிய நோய்க்கு வாங்குவோர் குறைவாகத்தான் இருப்பார்கள். விற்பனைக் கணக்கைப் பார்த்து விஞ்ஞானத்துக்கு மார்க் போடாதீர்கள்.