வெடித்த பழத்தின் நியாயம்

கொழும்பு மாநகரவாசிகளாகிய நாம் சந்தையில் கைக்கொள்ளுகிற நியதிகளுள் முதன்மையானது, பிளவோ வடுவோ மஞ்சள் நிறமோ கண்ட எதையும் கெட்டுப்போனதென்று ஒதுக்கிவிடுவதே என்று சொன்னால், வெள்ளவத்தைச் சந்தையிலோ கொட்டாஞ்சேனைச் சந்தையிலோ ஒரு காலைப்பொழுது நின்று பார்த்த எவரும் மறுக்கமாட்டார்கள். அந்த நியதி தக்காளிக்குப் பொருந்தும். கத்தரிக்கும் போஞ்சிக்கும்கூட ஒருவாறு பொருந்தும். வெள்ளரிப்பழத்தின் விஷயத்தில் மட்டும் அது முற்றிலும் அநியாயமான தீர்ப்பாய் முடிகிறது. ஏனெனில், வன்னியிலிருந்தும் மட்டக்களப்புப் பகுதியிலிருந்தும் வெயில் காலத்தில் நமக்கு வந்து சேரும் அந்தப் பழம், தான் பக்குவமடைந்துவிட்டது என்பதற்குத் தோல் வெடிப்பதைத் தவிர வேறு பெரிய அத்தாட்சி எதையும் தருவதில்லை. அந்த அத்தாட்சியையே குற்றமாகக் கொண்டு, வெடிக்காத பழமாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், சப்பென்றிருக்கிறது என்று சலித்துக்கொள்ளுகிறவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். பழம் சப்பென்றிருந்ததில் வியப்பில்லை. அவர்கள் வாங்கியது பழமே அல்லவே.

வெள்ளரி என்ற ஒரே பெயரின் கீழ் நாம் உண்பவை ஒரே தாவரத்தின் காய்களல்ல என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பச்சடிக்கும் சலாதுக்கும் நறுக்குகிற பச்சைக் காய் இமயமலை அடிவாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தனி இனம். அதன் உயிரணுவில் உள்ள நிறமூர்த்தங்கள் 14. சீனி தூவி உண்கிற வெள்ளரிப்பழமோ, முலாம்பழத்தின் நெருங்கிய உறவு. அதற்கு நிறமூர்த்தங்கள் 24. சிங்கள அயலவர் கெக்கிரி என்று வழங்கிப் பாற்கறியாகச் சமைப்பதும் இந்த இரண்டாம் குடும்பத்தைச் சேர்ந்ததே. இவ்விரு குடும்பங்களுக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை கிடையாது. பக்கத்துப் பாத்தியில் முலாம்பழம் நட்டதால் என் வெள்ளரி கசந்துவிட்டது என்று முறையிடும் தோட்டக்காரர்களை இந்த ஒரு செய்தியே சமாதானப்படுத்திவிட வேண்டும். கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பில் பல்லாண்டுகள் இருந்த வில்லியம் றொக்ஸ்பரோ வெடிக்கும் வெள்ளரியைத் தனி இனமாகவே பெயரிட்டு விவரித்துவைத்தார். பின்வந்தவர்கள் அதை முலாம்பழத்தின் ஒரு வகையாக்கினார்கள்.

அவர்களுக்கெல்லாம் மிகவும் முந்திய சாட்சியொன்றும் உண்டு. இருக்கு வேதத்தின் ஏழாம் மண்டலத்தில் வரும் மிருத்யுஞ்சய மந்திரம், மரணத்தின் பிடியினின்று விடுதலை வேண்டுமிடத்து, முற்றிய வெள்ளரி காம்பினின்று தானாகவே கழன்றுகொள்வதை உவமையாகக் கொண்டிருக்கிறது என்பது கோயிலுக்குப் போகும் நம்மவர் பலர் அறிந்ததே. பச்சடி வெள்ளரியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த உவமையை விளங்கிக்கொள்ள முயல்பவர் ஏமாந்துபோவார். அது முற்றி மஞ்சளித்து அழுகும் தறுவாயிலும் கொடியை லேசில் விடுவதில்லை. முலாம்பழச் சாதியினவோ, பக்குவம் கண்டதும் தமக்குள்ளேயே எதிலீன் என்னும் வாயுவைச் சுரந்து, காம்பும் பழமும் சேருமிடத்து உயிரணுக்களை நெகிழவைத்து, தொட்ட மாத்திரத்தில் கைக்கு வந்துவிடுகின்றன. அந்த மந்திரத்தைக் கண்ட ரிஷி தோட்டந்துரவு அறிந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆகவே வெள்ளரிப்பழம் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காம்பிருந்த இடத்தை. தானே கழன்ற பழத்தில் அவ்விடம் சிறு வட்டக் குழியாக, காய்ந்து, துப்புரவாக இருக்கும். கத்திபட்ட காயில் ஒரு பச்சைத் துண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு பழத்தைத் திருப்பி, பூவிருந்த நுனியை மூக்கருகே கொண்டுபோக வேண்டும். அங்கே வாசனை இல்லையென்றால் பழம் முழுவதிலும் இல்லை. கடைசியாக வெடிப்பைப் பார்க்க வேண்டும். அன்று வெடித்த பழத்தின் பிளவு வெள்ளையாக, மாவு உதிர்ந்தாற்போல உலர்ந்து தோன்றும். முந்தாநாள் வெடித்ததன் பிளவோ நீர் கோத்து, ஓரங்கள் கண்ணாடிபோல மினுங்கி, புளித்த வாடை வீச, ஈ மொய்க்கக் கிடக்கும். முன்னது அமிர்தம், பின்னது குப்பை. இரண்டையும் வெடித்த பழம் என்ற ஒரே வார்த்தையால் தள்ளிவிடுகிற வாடிக்கையாளரோடு வாதாடி அலுத்த ஒரு கடைக்காரர், பழத்தை வாழைச்சருகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அம்மா, இது இண்டைக்கே சாப்பிட வேண்டிய பழம், நாளைக்கெண்டு வைக்காதேயுங்கோ." இதைவிடச் சுருக்கமான பக்குவ சாஸ்திரத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அந்தப் பழத்தை வீட்டில் என்ன செய்வது என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோல் தானே உரிந்துவரும். விதைக்குடலை வழித்து எடுத்துவிட்டுச் சதையைக் கையால் பிட்டுப் போட்டு, சீனியோ சர்க்கரையோ, கிடைத்தால் பனங்கட்டியோ சேர்த்துச் சற்று நேரம் ஊறவிட்டால் போதும். இயற்கையில் அது இனிப்புக் குறைந்த பழம். அதன் சிறப்பெல்லாம் வாசனையிலும், நாக்கில் மாவாய்க் கரையும் அந்தத் தன்மையிலும் இருக்கிறது. அமெரிக்க முலாம்பழத்தின் இனிப்பை அதனிடம் எதிர்பார்ப்பவர் அமெரிக்க முலாம்பழத்தையே வாங்குவது உத்தமம்.

பச்சடிக் காயின் பக்குவம் இதற்கு நேர்மாறானது. பூத்துப் பத்து நாள் முன்பின்னாக, விதை இன்னும் பாலாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டிய காய் அது. அங்கே தாமதம்தான் குற்றம். ஆனால் எந்த நிறம் இளமையின் நிறம் என்பது சாதிக்குச் சாதி வேறுபடும் என்பதை நாம் மறந்துவிட்டோம். விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்துவந்திருக்கும் கற்பிட்டி வெள்ளை என்ற சாதி இளமையிலேயே வெளிறிய நிறம் கொண்டது. கரும்பச்சையே இளமைக்கு அடையாளமென்று நம்பும் பேரங்காடிக் கண்களுக்கு அது வதங்கிய காயாகத் தோன்றிவிடுகிறது. நிறத்தைவிட நம்பத்தக்கவை வேறு அடையாளங்கள்: தோலில் சிறு முட்கள் இன்னும் சுரசுரவென்று நிற்பதும், நடுப்பாகம் பருத்து உப்பாமல் இருப்பதும், அளவுக்கு மீறிய கனம் கையில் தெரிவதும் நல்லவை. சற்றே மஞ்சளித்த காய் பச்சடிக்கு ஆகாது. விதையை வழித்துவிட்டுத் தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கினால் அது தன் வயதுக்கேற்ற மரியாதையோடு பரிமாறப்படும். இன்னொன்று: பத்துப் பாகை சென்டிகிரேட்டுக்குக் கீழே நாட்கணக்கில் கிடந்தால் வெள்ளரிக்காயின் தோலில் குழி விழுந்து நீர் கசியும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அதைவிடக் குளிரானது. அதில் ஒரு வாரம் கிடந்து கொழகொழத்துப்போன காயைக் காட்டிக் கடைக்காரரைக் கோபிப்பது தர்மமல்ல.

கசப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. காம்புப் பக்கத்து நுனியை வெட்டி, வெட்டிய வாயில் தேய்த்து நுரை எடுத்தால் கசப்பு இறங்கிவிடும் என்பது நம் தாய்மாரின் சம்பிரதாயம். குக்குர்பிட்டசின் என்னும் கசப்புப் பொருள் காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும்தான் மிகுதியாகத் தங்குவதால், பலன் தருவது தேய்ப்பதல்ல, வெட்டியெறிவதே. ஆகையால் நுனியைத் தாராளமாக வெட்டுபவர்களுக்குச் சம்பிரதாயம் பலிக்கிறது, சிக்கனக்காரர்களுக்குப் பலிப்பதில்லை. தண்ணீருக்கு ஏங்கிய கொடியில் இந்தக் கசப்பு ஏறும்.

வியாபாரிகளின் பக்கத்து நியாயத்தைச் சொல்லாமல் விடுவது ஒருதலைப்பட்சமாகும். இந்நாட்டு மரக்கறியின் பெரும்பகுதி தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் போன்ற இடங்களில் கைமாறி, இரவோடிரவாக லொறியேறி, புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு இடம்பெயர்ந்த மெனிங் சந்தையில் இறங்கி, அங்கிருந்தே நம் சில்லறைக் கடைகளுக்கு வருகிறது. மூட்டைமேல் மூட்டையாக அடுக்கிய அந்தப் பயணத்தில் உயிர் தப்புவது இறுகிய காய் மட்டுமே. தொட்டால் பிளக்கிற பழத்துக்கு அங்கே இடமில்லை. ஆகவே விவசாயி இரண்டு நாள் முந்திப் பறிக்கிறான், வியாபாரி இறுகியதையே கேட்கிறான், நாம் வெடிக்காததையே வாங்குகிறோம். ஒவ்வொருவரும் தத்தம் அளவில் விவேகத்தோடு நடந்தும், முடிவில் எவர் வாய்க்கும் பழம் வந்து சேர்வதில்லை.

ருசியோடு நின்றுவிடுகிற நஷ்டமாக இது இருந்தால் பத்திரிகையில் இத்தனை இடம் கேட்டிருக்கமாட்டேன். விளைந்த பழத்திலன்றி விதை இல்லை என்பதே விஷயம். பக்குவமடைந்த பழம் விற்கிற ஊரில், விவசாயி தின்றதும் விற்றதும் போக எஞ்சியதில் நல்லதொரு பழத்தின் விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டி உலர்த்திவைப்பான். பாட்டன் சாதி பேரனுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் பிஞ்சிலே பறிக்கும் நிர்ப்பந்தம் ஏற்பட்ட ஊரிலோ, ஒவ்வொரு போகத்துக்கும் கடையில் பொட்டல விதை வாங்க வேண்டியிருக்கிறது. அதுவும் பெரும்பாலும் இறக்குமதியான கலப்பின விதை. அதன் காயிலிருந்து எடுத்த விதை மறுமுறை அதே குணத்தோடு முளைப்பதில்லை. இறக்குமதியை நம்பியிருப்பதன் விலை என்னவென்பதை 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நமக்குக் கற்பித்திருக்க வேண்டும். பச்சடி வெள்ளரிக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம்: விதைக்கென ஒரு காயைக் கொடியிலேயே ஒரு மாதத்துக்கு மேல் முற்றவிட்டால், அந்தக் கொடி புதிதாய்க் காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும்; அந்தத் தியாகத்துக்கு விலை கொடுப்பார் இல்லாதவரை எந்த ஏழை விவசாயியும் அதைச் செய்யத் துணியான்.

நாட்டுச் சாதிகளின் பெறுமதியை அமெரிக்கர் நமக்கு முன்பே அறிந்துகொண்டார்கள். 1925-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் முலாம்பழத் தோட்டங்களைச் சாம்பல் நோய் பீடித்தபோது, அதைத் தாங்கும் குணம் இந்தியாவிலிருந்து போன விதையில்தான் அகப்பட்டது. அதைக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு உருவாக்கிய பி.எம்.ஆர். 45 என்ற சாதி 1936-இல் வெளிவந்தது. நம் தீவிலும் கன்னொறுவையில் 1988 முதல் தாவர மரபணு வளங்கள் நிலையம் இயங்கி, பழைய சாதிகளின் விதைகளைக் குளிரறையில் காத்துவருகிறது. அது மிக அவசியமான பணி. ஆயினும் குளிரறையில் உறங்கும் விதை, ஆண்டுதோறும் வெயிலையும் பூச்சியையும் சந்தித்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் வயல் விதைக்கு ஈடாகாது. வயலில் அது வாழ வேண்டுமானால், அதன் பழத்தைக் காசு கொடுத்து வாங்கும் வாய் ஒன்று எங்கோ இருக்க வேண்டும்.

கேரளத்துக் கொடுங்கல்லூர்ப் பக்கத்தில் நெல் வயல்களில் கோடைப்போகமாய்ப் பயிராகும் பொட்டுவெள்ளரி நம் வெள்ளரிப்பழத்தின் குணமுடையதுதான். அதுவும் வெடிக்கும், அதுவும் அன்றே உண்ணப்பட வேண்டியது. வெடிக்காத வெள்ளரி வேண்டுமென்று அவ்வூரார் கேட்கவில்லை. வெடித்ததையே சர்பத்தாக்கிக் குடித்தார்கள், அதற்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் வெள்ளவத்தையில் வடக்கு, கிழக்குப் பொருள்களுக்கென்றே கடைகள் இருக்கின்றன. பனங்கட்டியையும் மொச்சை மணம் மாறாத வற்றல்களையும் இரவுப் பேருந்தில் வரவழைத்து விற்கத் தெரிந்த அக்கடைக்காரர்களுக்கு, முன்கூட்டிச் சொல்லிவைத்த வாடிக்கையாளர்களுக்காக ஓலைப் பெட்டியில் பத்துப் பழம் வரவழைப்பது பெரிய காரியமல்ல. விலையில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். இப்போது வெடித்த பழம் காலையிலேயே பாதி விலைக்குத் தள்ளப்பட்டு, வெடிக்காதது முழு விலைக்குப் போகிறது; காலையில் வெடித்ததற்கு முழு விலையும், வெடிக்காததற்கு அதில் பாதியும், மாலையில் எஞ்சிய வெடித்த பழத்துக்குக் கேட்டது விலையும் என்று மாற்றிக் கொள்ளட்டும்; நாமும் பேரம் பேசாமல் கொடுப்போம்.